நாவல் எழுத நூல் படித்தால் போதுமா?



சென்ற கல்வியாண்டின் இரண்டாம் பருவத்தில் ஒரு நாள், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் நூல்நிலையத்துக்கு வந்து என் மேசை அருகே நின்றாள். கையில் 192 பக்க நோட்டு. வாங்கிப் பார்த்தேன். முதற் பக்கத்தில் பூக்கொடி வரைந்து நடுவே நாவலின் பெயர். அடுத்த பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல், வயது, நிறம், படிப்பு. அதற்கடுத்த இரண்டு பக்கங்களில் 31 அத்தியாயங்களுக்கும் தலைப்புகள். அதன்பின் முதல் அத்தியாயம் ஐந்து முறை தொடங்கப்பட்டு, ஐந்து முறையும் குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"டீச்சர், நாவல் எழுதுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகம் இருந்தால் கொடுங்கள். அதைப் படித்து முடித்துவிட்டு எழுதத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்" என்றாள்.

இரண்டு நூல்களைத் தேடிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து இரண்டையும் திருப்பிக் கொண்டு வந்தாள். நோட்டில் ஒரு வரிகூடக் கூடவில்லை. "படித்த பிறகு பயமாக இருக்கிறது, டீச்சர். நான் எழுதியது எல்லாமே தப்பு என்று தெரிகிறது. சரியாக எழுதுவது எப்படி என்றுதான் தெரியவில்லை" என்றாள்.

அவளுக்கு அன்று என்னால் சரியான விடை சொல்ல முடியவில்லை. பிறகு அப்படிப்பட்ட நூல்கள் பலவற்றை நானே எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அப்படிப் படித்ததையும், அதன்பின் நடந்ததையுமே இங்கு எழுதுகிறேன். அந்த மாணவியும் அவள் தாயாரும் இசைவு தந்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம்.

தமிழில் முதல் நாவலை எழுதியவருக்கு இப்படி ஒரு நூல் கிடைத்திருக்க வழியில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். முன்சீப்பாக நீதிமன்றத்தில் அமர்ந்தவர், கத்தோலிக்கர், பெண்கள் படிக்க வேண்டுமென்று நூலெழுதி வாதாடியவர். அந்த நாவலின் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். இன்றைய இலக்கண நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்நாவலில் குற்றம் சொல்ல இடம் நிறைய உண்டு. கதை நடுவே கதை கிளைக்கும். அறிவுரை பக்கம் பக்கமாய் நீளும். ஆனால் ஞானாம்பாளை மறக்க முடிகிறதா? இதை அந்த மாணவிக்குச் சொன்னேன். "அப்படியானால் புத்தகமே வேண்டாமா, டீச்சர்?" என்று கேட்டாள். அப்படியும் அல்ல.

இந்த வழக்கு பழையது. 1884 ஏப்ரலில் லண்டனில் வால்டர் பெசன்ட் என்ற ஆங்கில நாவலாசிரியர், புனைகதைக் கலை என்ற பொருளில் சொற்பொழிவாற்றினார். ஓவியத்துக்கும் இசைக்கும் விதிகள் இருப்பது போலவே நாவலுக்கும் விதிகள் உண்டு, அவற்றைக் கற்பிக்கவும் முடியும் என்பது அவர் கட்சி. ஓவியனுக்குப் பள்ளி இருக்கும்போது கதாசிரியனுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அவர் சொன்ன விதிகளில் ஒன்று, தான் அறிந்ததையே எழுத வேண்டும் என்பது. அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு பெண். அமைதியான கிராமத்தில் வளர்ந்த இளம்பெண், படைவீரர்களின் பாசறை வாழ்க்கையை எழுதப் புகக்கூடாது என்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹென்றி ஜேம்ஸ் அதற்கு மறுமொழியாக ஒரு கட்டுரை வெளியிட்டார். பெசன்ட் மீது மரியாதை குறையாமலே, அந்தக் கிராமத்துப் பெண்ணுக்காக அவர் வாதாடினார். ஆங்கில நாவலாசிரியை ஒருவர் பாரிஸ் நகரில் மாடிப்படி ஏறும்போது, திறந்திருந்த ஒரு கதவு வழியே, மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த புராட்டஸ்டன்ட் இளைஞர் சிலரை ஒரு நொடி பார்த்தாராம். அந்த ஒரு நொடியையும், தாம் ஏற்கெனவே அறிந்திருந்த சிறிதளவையும் கொண்டு அம்மக்களைப் பற்றி எழுதிய கதை பலராலும் மெச்சப்பட்டதாம். கண்ணில் பட்டது எதுவும் வீணாகாமல் உள்ளே தங்கும் மனம் இருந்தால் கிராமத்துப் பெண்ணும் பாசறையை எழுதலாம் என்பது ஜேம்ஸின் கருத்து.

இவ்விருவரில் யார் பக்கம் சேர்வது? எனக்கு ஜேம்ஸைப் பிடிக்கிறது. ஆயினும் பதினாறு வயதுப் பெண் தொடங்கும்போது பெசன்டின் எச்சரிக்கையே கை கொடுக்கும் என்று நினைக்கிறேன். நம் மாணவியின் நோட்டில் முதல் அத்தியாயம் உதகமண்டலத்தில் ஒரு பங்களாவில் நடந்தது. அவள் உதகமண்டலம் போனதில்லை. பங்களாவின் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாததால், அங்கே ஒரு பியானோவையும் வெல்வெட் திரையையும் வைத்திருந்தாள். அவை அவள் திரைப்படத்தில் கண்டவை. ஐந்து முறையும் அந்தப் பியானோ அருகில்தான் கதை நின்று போயிருந்தது.

அடுத்து, நான் அவளுக்குக் கொடுத்த நூல்களில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளே நாவலின் கூறுகள் பற்றிய நூலாக அதே ஆண்டில் வெளிவந்தன. நம் கல்லூரிகளில் இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் இதை அறிவர். கதை வேறு, கதைப்பின்னல் வேறு என்று அவர் பிரித்துக் காட்டுவார். அவருடைய எடுத்துக்காட்டில் அரசனும் அரசியும் வருவார்கள். நாம் நம் ஊர் எடுத்துக்காட்டையே வைத்துக்கொள்வோம். "கிணறு வற்றியது. அத்தை ஊருக்குப் போய்விட்டாள்" என்றால் அது கதை. "கிணறு வற்றியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடக்க மாட்டேன் என்று அத்தை ஊருக்குப் போய்விட்டாள்" என்றால் அது பின்னல். முதலாவதைக் கேட்பவர் "அப்புறம்?" என்பார், இரண்டாவதைக் கேட்பவர் "ஏன்?" என்றும் கேட்பார்.

பாத்திரங்களைத் தட்டையானவை, உருண்டையானவை என்று பிரித்ததும் அவரே. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். நம் மாணவியும் அப்படித்தான். தட்டைப் பாத்திரம் கூடாது என்று ஃபார்ஸ்டர் சொல்லவில்லை. டிக்கன்ஸின் மாந்தர் பெரும்பாலும் தட்டையானவர்களே, ஆயினும் உயிரோடு உலவுகிறார்கள் என்று அவர் வியக்கிறார். ஒரு நாவலுக்கு இருவகையும் வேண்டும். உருண்டைப் பாத்திரத்துக்கு அவர் வைக்கும் சோதனை, அது நம்மை நம்பத்தக்க வகையில் வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்பது. இந்தச் சோதனை எழுதி முடித்தபின் வைத்துப் பார்க்க வேண்டியது. எழுதுமுன் வைத்தால் யாரும் தேறமாட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ஃபார்ஸ்டரின் இந்தியப் பயண நாவல் 1924-இல் வந்தது. நாவலின் கூறுகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபின் 1970-இல் இறக்கும்வரை அவர் புதிய நாவல் எதையும் வெளியிடவில்லை. அவர் மறைந்தபின் 1971-இல் வந்தது கூட 1913, 1914-ஆம் ஆண்டுகளில் எழுதி வைத்திருந்ததே. விதிகளை நன்கு அறிந்தவர் என்பதால் மட்டும் அடுத்த நாவல் வந்துவிடுவதில்லை.

பெர்சி லபக் என்பவர் 1921-இல் எழுதிய நூல், கதையை யார் கண்வழியாகப் பார்க்கிறோம் என்பதையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. அது கடினமான நூல். கல்லூரிக்குப் போனபின் படித்தால் போதும். அதிலிருந்து இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. வாசலில் பெரியவர்கள் பேசுவதை அடுப்பங்கரையில் நிற்கும் சிறுமி கேட்கிறாள் என்று எழுதினால், அவள் காதுக்கு எட்டாததை எழுதாதீர்கள். எட்டாததுதான் பல வேளைகளில் கதைக்குச் சுவை.

விதிகளைப் பற்றிய நூல்கள் ஒருபுறம். எழுதும் ஆளைப் பற்றிய நூல்கள் மற்றொருபுறம். இரண்டாம் வகையே நம் மாணவியர்க்கு உடனடியாகப் பயன்படும் என்பது என் எண்ணம். டாரத்தியா பிராண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1934-இல் எழுத்தாளராக ஆவது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கதைநுணுக்கம் பற்றி அதில் அதிகமில்லை. அதற்கு முன்னே நிற்கும் தடையைப் பற்றியே அவர் பேசுகிறார். காலையில் எழுந்தவுடன், யாரோடும் பேசுமுன், எதையும் படிக்குமுன், மனத்தில் வந்ததை எழுதச் சொல்கிறார். அது பழகியபின் மற்றொரு பயிற்சி. நாளை நாலு மணிக்கு எழுதுவேன் என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுத்துவிட்டால், நாலு மணிக்கு உலகமே புரண்டாலும் கால் மணி நேரம் எழுதியாக வேண்டும். இதில் மீண்டும் மீண்டும் தவறுபவர் எழுத்தை விட்டு வேறு வழி பார்ப்பது நல்லது என்று கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறார். கான்வென்டு மணியடிக்கும் ஒழுங்கில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரலோப், அஞ்சல் துறையில் முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டே பல நாவல்கள் எழுதியவர். விடிகாலை ஐந்தரைக்கு மேசை முன் அமர்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்தார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுக்கும் பழைய வேலைக்காரருக்கு அதற்கென ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். அவர் இறந்தபின் 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். படித்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். கலைஞன் என்றால் உள்ளொளி வரும்வரை காத்திருக்க வேண்டாமா என்றார்கள். நம் வீட்டில் அம்மா உள்ளொளி வரும்வரை காத்திருந்தா சமைக்கிறார்?

ஆன் லாமட் என்ற எழுத்தாளர் 1994-இல் வெளியிட்ட நூலில் தம் அண்ணனைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. பத்து வயதில் பறவைகளைப் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மூன்று மாத அவகாசம் கொடுத்தும் முந்தைய நாள் வரை எழுதாமல், புத்தகங்களை மேசையில் பரப்பிக்கொண்டு அழும் நிலையில் உட்கார்ந்திருந்தார். தந்தை தோளில் கைவைத்து, ஒவ்வொரு பறவையாக எடுத்துக்கொள் என்றாராம். லாமட் தம் மேசையில் ஓரங்குலச் சட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறார். அந்தச் சட்டத்துக்குள் தெரியும் அளவுக்கு எழுதினால் இன்றைக்குப் போதும் என்று நினைவூட்டிக்கொள்வதற்காக. 31 அத்தியாயத் தலைப்புகளை எழுதி வைத்துக்கொண்டு கலங்கிய நம் மாணவிக்கு இதைச் சொன்னபோதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

இனி, நான் மிகவும் விரும்பிப் படித்த ஆசிரியைக்கு வருகிறேன். ஃபிளானரி ஓகானர் 1925-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். கத்தோலிக்கர் சிறுபான்மையாக இருந்த பகுதி அது. அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை நடத்தி வந்த பேராசிரியரைச் சந்தித்துச் சேர்ந்துகொள்ள விரும்புவதைச் சொன்னபோது, அவருடைய ஜார்ஜியப் பேச்சு பேராசிரியருக்குப் புரியவே இல்லை. தாளில் எழுதிக் காட்டும்படி கேட்டுத்தான் புரிந்துகொண்டாராம். 1947-இல் அங்கே பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில், தந்தையைக் கொண்டு சென்ற லூபஸ் நோய் இவரையும் பற்றியது. தாயோடு பண்ணை வீட்டில் தங்கி, மயில்கள் வளர்த்துக்கொண்டு, முற்பகல் நேரத்தை எழுத்துக்கென ஒதுக்கினார். 1964 ஆகஸ்டு 3-ஆம் நாள் 39 வயதில் இறந்தார். இரண்டு நாவல்களும் 30-க்கு மேற்பட்ட சிறுகதைகளும் எழுதியிருந்தார்.

எழுத்தைப் பற்றி அவர் பேசியும் எழுதியும் வைத்தவை 1969-இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. எழுத்துப் பட்டறையில் படித்தவராயிருந்தும், வகுப்பறை திறமையைக் கொடுத்துவிடும் என்று அவர் நம்பவில்லை. ஆசிரியரின் வேலை பெரும்பாலும், இது பலிக்கவில்லை, இன்ன காரணத்தால் பலிக்கவில்லை என்று சொல்வதே என்கிறார். நான் இருபது ஆண்டுகள் கட்டுரை நோட்டுத் திருத்தியதில் கண்டதும் அதுவே.

கதை ஐம்புலன்களில் தொடங்குகிறது என்பது அவர் வலியுறுத்தும் பாடம். தொடக்க எழுத்தாளர்கள் கருத்தில் தொடங்குகிறார்கள், உணர்ச்சியில் தொடங்குகிறார்கள், மனிதர் இருக்கும் இடத்தையும், அவர் கைகளையும், அவர் உட்காரும் நாற்காலியையும் காட்ட மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை. இதைப் படித்தபோது எனக்குத் திருவிவிலியத்தின் ஊதாரி மைந்தன் உவமை நினைவுக்கு வந்தது. அவன் மிக வருந்தினான் என்று அங்கே சொல்லவில்லை. பன்றிகள் தின்னும் நெற்றுகளால் வயிற்றை நிரப்ப ஆசைப்பட்டான் என்றே வருகிறது. தந்தையின் அன்பைச் சொல்லுமிடத்தில் அவர் தொலைவிலேயே மகனைக் கண்டு ஓடுகிறார். மேலாடை, மோதிரம், மிதியடி வருகின்றன. மூத்த மகன் கடைசியில் விருந்துக்குள் நுழைந்தானா இல்லையா என்பதை உவமை சொல்லாமலே முடிகிறது. ஆண்டுதோறும் தவக்காலத்தில் கேட்கிறோம்; இதைக் கவனித்தோமா?

ஓகானரின் புகழ்பெற்ற கதை ஒன்றில், தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்ணின் மரக்காலை, விவிலியம் விற்க வந்த இளைஞன் திருடிக்கொண்டு போகிறான். அந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது அப்படி நடக்குமென்று தமக்கே தெரியாது, அந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் முன்னால்தான் தெரிந்தது என்கிறார். தெரிந்தபின் அதைத் தவிர வேறு எதுவும் நடந்திருக்க முடியாது என்றும் தோன்றியதாம். எல்லா எழுத்தாளரும் இப்படி எழுதுவதில்லை. முழுத் திட்டமும் வகுத்துக்கொண்டு எழுதுபவரும் உண்டு. ஆனால் 31 தலைப்புகளைத் தாண்ட முடியாதவளுக்கு இது விடுதலையாக இருந்தது.

பெற்றோரும் சகோதரிகளும் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. பக்தியுள்ள பெண் பாவத்தையும் சண்டையையும் ஏன் எழுத வேண்டும்? நல்லதை மட்டும் எழுதினால் ஆகாதா? ஓகானரிடமும் இதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவருடைய கதைகளில் கொலை உண்டு, வஞ்சகம் உண்டு. அருள் எங்கே வேலை செய்கிறது என்று காட்ட வேண்டுமானால், அது வேலை செய்ய வேண்டிய இடத்தை உள்ளபடி காட்டியாக வேண்டும் என்பது அவர் நிலை. நல்நோக்கத்தோடு மோசமாக எழுதப்பட்ட கதை திருச்சபைக்குத் தொண்டாகாது என்றும் அவர் தயங்காமல் சொன்னார். அயோவாவில் மாணவியாக இருந்தபோது 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஒரு சாதாரண நோட்டில் எழுதி வைத்த செபங்கள் 2013-இல் நூலாக வெளிவந்தன. நல்ல எழுத்தாளராக வேண்டும் என்று இறைவனிடம் அதில் வெளிப்படையாகக் கேட்கிறார். அந்த ஆசையில் தற்பெருமை கலந்திருக்குமோ என்றும் அஞ்சுகிறார். மதிப்பெண்ணுக்காகச் செபிக்கும் நம் மாணவியர் இதைப் புரிந்துகொள்வார்கள்.

அவரைப் புனிதராக்கி நிறுத்த நான் முற்படவில்லை. கறுப்பின மக்களைப் பற்றி அவர் தம் கடிதங்களில் எழுதிய சில சொற்கள் வருந்தத்தக்கவை. அதனால் 2020-இல் மேரிலாந்து லயோலாப் பல்கலைக்கழகம், ஒரு விடுதிக்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கியது. எழுத்தில் பாடம் கற்கும்போது எழுதியவரின் குறையையும் அறிந்தே கற்போம்.

மேல்நாட்டு நூல்கள் நமக்குச் சொல்லித் தர முடியாதவை சில உண்டு. ஸ்டீபன் கிங் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட எழுத்து நூலில், வினையடைகளைக் களைந்துவிடச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அது ஓரளவு எளிது. தமிழிலும் பயனுண்டு; "கோபமாகக் கூறினாள்", "சோகமாகப் பார்த்தாள்" என்பவற்றை அடித்துவிட்டு, அவள் என்ன சொன்னாள், கையில் இருந்த கரண்டியை என்ன செய்தாள் என்று எழுதலாம். முதல் பிரதியைக் கதவைச் சாத்திக்கொண்டும், இரண்டாவதைக் கதவைத் திறந்துவைத்தும் எழுத வேண்டும் என்கிறார். அதையும் ஏற்கலாம், சாத்துவதற்குத் தனி அறை இல்லாதவர்கள் நம்மில் பலர் என்றாலும்.

ஆனால் எந்த மொழிநடையில் எழுதுவது என்ற கேள்வியை அந்நூல்கள் நம்மைப்போல் நாள்தோறும் சந்திப்பதில்லை. நாம் வீட்டில் பேசுவது ஒன்று, கட்டுரை நோட்டில் எழுதுவது வேறொன்று. வேதநாயகம் பிள்ளையின் மாந்தர் எழுத்துத் தமிழிலேயே பேசிக்கொண்டார்கள். பின்வந்தவர்கள் உரையாடலை மட்டும் பேச்சுத் தமிழுக்கு மாற்றினார்கள். 1992-இல் வெளிவந்த 'கருக்கு' நூலில் பாமா, உரையாடலை மட்டுமல்லாமல் கதை சொல்லும் வரிகளையே தம் ஊர்ப் பேச்சில் எழுதினார். சில காலம் கன்னியர் மடத்தில் துறவியாக வாழ்ந்து வெளியேறியவர் அவர். சாதியைப் பற்றித் திருச்சபைக்கும் அதன் கன்னியர் மடங்களுக்கும் அவர் சொல்வது நமக்குக் கசப்பானது. அதனாலேயே அதை நாம் படிக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அப்படி எழுதலாம் என்று எந்த இலக்கண நூலும் அவருக்குச் சொல்லியிருக்காது.

ராஜம் கிருஷ்ணனையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' 1979-இல் வந்தது. வீட்டுக்குள் இருந்து எழுதிய கதை அல்ல. மக்கள் இருக்குமிடம் சென்று, பார்த்து, கேட்டு எழுதும் வழக்கம் அவருடையது. பெசன்ட் சொன்ன கிராமத்துப் பெண்ணுக்கு இது மூன்றாவது வழி. தெரியாததை எழுதாதே என்பார் ஒருவர். ஒரு கணம் பார்த்தாலே போதும் என்பார் மற்றவர். போய்த் தெரிந்துகொண்டு வந்து எழுது என்று செய்து காட்டினார் இவர். தமிழிலும் 'எப்படி கதை எழுதுவது?' என்று ரா. கி. ரங்கராஜன் பாடமாகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஆங்கில நூல் கடினமாக இருப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இவ்வளவும் நான் படித்து முடித்தபின் அந்த மாணவியை அழைத்தேன். உதகமண்டலத்தை விடு, உன் வீட்டில் ஓரங்குலம் காட்டு என்றேன். ஒரு வாரம் கழித்து இரண்டரைப் பக்கம் எழுதிக் கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டி காதில் தண்டட்டி அணிந்தவர். அவள் அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஆண்டு அது அடகுக் கடைக்குப் போனது; திரும்பவில்லை. பாட்டி பேசும்போதெல்லாம் கை தானாகவே காதுக்குப் போகும். தொங்கும் வெறும் காதைத் தொட்டதும் கையை எடுத்து முந்தானையைச் சரி செய்துகொள்வார். இவ்வளவே. அழுகை இல்லை, துயரக் கடல் இல்லை. "அப்பா பாட்டியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வைத்தார்" என்று ஒரு வரி மட்டும் காரணம் சொன்னது. ஓய்வறையில் வைத்துப் படித்த எனக்கு அடுத்த வகுப்பு மணி கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். கையில் அந்த நோட்டு. "இத நீங்கதான் எழுதச் சொன்னீங்களாமே, டீச்சர். வீட்டுல உள்ளத எல்லாம் எழுதி ஊருக்குக் காட்டவா பிள்ளைய அனுப்பினோம்? இவ அப்பா பாத்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை; நோட்டைப் பிடித்திருந்த கைதான் நடுங்கியது.

நான் என்ன சொல்வது? ஓகானரையும் ஜேம்ஸையும் அவரிடம் சொல்ல முடியாது. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. எழுதுகிறவள் ஒருத்தி, எழுதப்படுகிறவர்கள் வீடு நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நான் படித்த நூல்களில் இதற்கு நிறைவான விடை எதுவும் கிடைக்கவில்லை. நோட்டில் எழுதுவது வேறு, அச்சில் போடுவது வேறு. உங்களைக் கேட்காமல் எதுவும் வெளியே போகாது என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொன்னேன். அந்த இரண்டரைப் பக்கத்தையும் அவர் இன்னும் முழுதும் படிக்கவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. மூத்த மகன் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்டு வந்திருக்கிறார். "படித்துப் பாருங்கள்" என்றேன்.

மெதுவாக, விரலை வரிமேல் வைத்துப் படித்தார். மகள் கதவோரம் நின்றாள். முதற் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் திருப்பினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது தப்பு" என்றார். "அப்பா வாங்கிட்டுப் போகல. நான்தான் கொண்டுபோயி வச்சேன். அத்தைகிட்ட கேக்கக்கூட இல்ல. அவங்களே ராத்திரி கழட்டி, அரிசிப் பானை மேல வச்சிட்டுப் படுத்துட்டாங்க. காலையில நான் எடுத்துட்டுப் போனேன். கடைக்காரன் உள்ள இருந்த அரக்க எல்லாம் தட்டிக் கழிச்சிட்டுத்தான் எடை போட்டான். நெனச்சதுல பாதி கூட இல்ல."

மகள் கதவை விட்டு மேசையருகே வந்தாள்.

"அரக்கை என்னம்மா பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

"முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தேன். இன்னும் பீரோவுலதான் கெடக்கு" என்றார் தாயார். மகள் என் மேசையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள்.